கையை எடு

வளைகுடா நாட்டு ருவைஸ் ஆலையில் ஷியாமளாவைத் தெரியாதவர் கிடையாது. தெரியாது என்று எவனாவது சொன்னால் அவன் நேற்றுத்தான் விமானத்திலிருந்து இறங்கியிருக்கிறான். பாதுகாப்பு அதிகாரி. ஆள் குள்ளம், குரல் குள்ளமில்லை. "கையை எடு!" என்று ஒரு சத்தம் போட்டால் சாரத்தின் உச்சியில் நிற்கிறவன்கூடப் பிடித்த கம்பியை விட்டுவிடுவான், அதனால் சைட்டில் அவளைவிடப் பெரிய ஆபத்து வேறொன்றும் இல்லை என்று கேண்டீனில் கேலி பேசுவார்கள். இந்தியில் கத்தினாலும் மலையாளத்தில் கத்தினாலும் அவளுக்குச் சொல்ல இருந்தது அந்த ஒன்றுதான்.

காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் முசஃபாவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்த லேத்தில் சிக்கிய இரும்புச் சுருளை விரலால் தட்டிவிடப் போனான் ஒரு ஃபிட்டர். மெஷின் முதலில் சட்டையைப் பிடித்தது, பிறகு கையைப் பிடித்தது. ஷியாமளா ஓடிப்போய் ஸ்விட்சை அணைப்பதற்குள் முழங்கை வரை சுற்றிவிட்டது. சுவர் வரை ரத்தம் அடித்திருந்தது. அந்த ஆள் அலறவில்லை. "மேடம், என் கை எங்கே மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டான். அந்த மரியாதையை இன்றுவரை அவளால் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவள் கை நீள ஆரம்பித்தது. ஓடுகிற கன்வேயருக்குள் விழுந்த ஸ்பேனரை எடுக்கப் போன ஃபோர்மன் பாண்டித்துரையைப் பத்துப் பேர் முன்னால் பளாரென்று அறைந்தாள். புகார் போனது, மேலிடம் அவளைக் கூப்பிட்டு எச்சரித்தது. "கை இருந்தாத்தானே சார் புகார் எழுத முடியும்? எழுதட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பாண்டித்துரை இன்றும் அவளைக் கண்டால் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொள்வார்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் சீதாராமன். ஆலையின் ஆய்வகத்தில் கெமிஸ்ட். கோபம் என்பது எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்கிற மனுஷன். அவருக்கு இருந்த ஒரே வியாதி, யார் வயிறும் காலியாக இருக்கக் கூடாது. வீட்டுக்கு ஏசி பார்க்க வந்தவன் இட்லி சாப்பிடாமல் ஏணியில் ஏற முடியாது. பால்கனிப் புறாக்களுக்கு அரிசி, பார்க்கிங் பூனைகளுக்குத் தயிர்சாதம். சின்ன வயதில் மன்னார்குடித் தெப்பக்குளத்தில் பொரி போட்டுப் போட்டு வளர்ந்தவர். மீனைக் கண்டாலே அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும்.

கடலுக்குள் இறங்கும் பழக்கம் இரண்டு பேருக்கும் நடு வயதில்தான் வந்தது. ஷியாமளாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்து டாக்டர் நீச்சல் அடிக்கச் சொன்னார். நீச்சல், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போகிற மூழ்கலாக மாறியது. தண்ணீருக்கடியில் யாரும் பேசுவதில்லை, யாரையும் பார்த்துக் கத்தவும் முடியாது என்பது அவளுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் காரை எடுத்தால், பாலைவனத்தைக் குறுக்கே வெட்டி ஃபுஜைரா கரைக்குப் போய்ச் சேருவார்கள். அங்கே கீழக்கரைக்காரர் கௌஸ் முகைதீன் ஒரு டைவிங் படகு வைத்திருந்தார். நாளடைவில் ஷியாமளா பரீட்சை எழுதித் தேறி, சனிக்கிழமைகளில் அவர் படகிலேயே வழிகாட்டியாகப் போக ஆரம்பித்தாள்.

அவர் படகு அதிகம் போகிற இடத்துக்கு முதுகுப்பாறை என்று அவரே பேர் வைத்திருந்தார். அதன் பொந்துகளில் அஞ்சாலை மீன்கள் இருந்தன. பாம்பு போல நீளம், ஆள் தொடை கனம், வாய் நிறையப் பல். வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்க்கத்தான் வருவார்கள். படகு கிளம்பியதும் ஷியாமளா எழுந்து நின்று பேசுவாள், ஆலையில் பேசுகிற அதே குரலில்.

"அது வாயைத் திறந்து திறந்து மூடும். உங்களை மிரட்டுதுன்னு நினைக்காதீங்க, மூச்சு விடுது. கண் மந்தம், மோப்பம் அதிகம். உங்க விரலுக்கும் கணவாய் மீன் துண்டுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால சாப்பாடு எதுவும் கொண்டுவரக் கூடாது. பொந்துல கை விடக் கூடாது. வாசலை மறிச்சு நிக்கக் கூடாது, கண்ணுல டார்ச் அடிக்கக் கூடாது. ரெண்டு கை தூரம் தள்ளி நில்லுங்க, அது அது வீட்டுல இருக்கட்டும். க்ளவுஸ் போட்டிருக்கறவங்க கழட்டிடுங்க. க்ளவுஸ் போட்டவனுக்குத்தான் எல்லாத்தையும் தொடணும்னு தோணும்."

"கடிச்சா என்ன பண்றது?" என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள்.

"இழுக்காதீங்க. பல்லு உள்பக்கமா வளைஞ்சிருக்கு. தொண்டைக்குள்ள இன்னொரு தாடை இருக்கு, அது முன்னாடி வந்து பிடிக்கும். நீங்க இழுத்தா சதை அதுக்கு, எலும்பு உங்களுக்கு. அசையாம இருந்தா அது வாயை மாத்திப் பிடிக்கத் திறக்கும். அப்ப கையை எடுங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். ஷியாமளா சிரிக்க மாட்டாள்.

அந்த வருஷம் குளிர்காலத்தில், ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் வந்தது. மாதக்கணக்கில் அவளுக்கு லீவே இல்லை. சீதாராமன் மட்டும் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய் வந்தார். வீட்டு ஃப்ரீஸரில், பச்சைப் பட்டாணிக்குப் பின்னால், கறுப்புப் பிளாஸ்டிக் பை ஒன்று இருப்பதை அவள் பார்த்தாள். லேப் சாம்பிள் என்றார். முட்டைகூட நுழையாத வீட்டில் அவர் கணவாய் வாங்கி வைப்பார் என்று யார் நினைப்பார்கள்?

ஷட்டவுன் முடிந்த முதல் சனிக்கிழமை முதுகுப்பாறையில் இறங்கியபோது அவளுக்கு விஷயம் தெரிந்தது. பொந்தில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய அஞ்சாலை, பட்டப்பகலில் முழு உடம்போடு வெளியே வந்தது. வெள்ளை உடம்பில் தேன்கூடு போலக் கறுப்புப் புள்ளிகள். வளைந்து நெளிந்து நேராகச் சீதாராமனிடம் போனது. அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு கணவாய்த் துண்டை எடுத்து நீட்டினார். கப்பென்று பிடுங்கிக்கொண்டு அவர் கையைச் சுற்றி வந்தது, இன்னும் உண்டா என்று. சீதாராமன் அதன் தாடையைத் தடவிக்கொடுத்தார்.

ஷியாமளாவுக்கு அந்த லேத் ஓடுகிற சத்தம் கேட்டது.

மேலே வந்து படகில் ஏறியதும் துடுப்புச் செருப்பைக் கழற்றி அவர் கையில் ஓங்கி ஒன்று போட்டாள். இன்னொன்று. மூன்றாவது தோளில் விழுந்து வாயிலும் இடித்தது. படகிலிருந்த வெள்ளைக்காரத் தம்பதி வாயைப் பிளந்து பார்த்தது.

"என்ன காரியம் பண்ணிண்டிருக்கேள்? எத்தனை நாளா நடக்கறது இது?"

"பட்டு என்னை ஒண்ணும் பண்ணாது ஷியாமு. பேர் வெச்சிருக்கேன் அதுக்கு. என்னைத் தெரியும்."

"உங்களைத் தெரியாது! உங்க கையைத்தான் தெரியும். நாளைக்கு வேற ஒருத்தன் கையை நீட்டினா அதையும் தெரியும்."

கணவாய்ப் பையைப் பிடுங்கிக் கடலில் வீசினாள். அவர் உதடு கிழிந்து ரத்தம் வந்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டு, "இனிமே போட மாட்டேன். தன்யா மேல சத்தியம்" என்றார். அந்தச் சத்தியத்தை அவர் ஒரு நாளும் மீறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஷியாமளாவிடம் செய்த சத்தியம் மீனுக்கு எப்படித் தெரியும்?

தன்யா அவர்களுடைய ஒரே பெண். பத்தாம் வகுப்பு. ருவைஸிலேயே பிறந்து, தமிழை அம்மா அப்பாவிடமும் ஆங்கிலத்தை மற்ற எல்லோரிடமும் பேசி வளர்ந்தவள். பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தாள். முதல் கடல் மூழ்கலை அம்மாவோடும் அப்பாவோடும்தான் செய்வேன் என்று காத்திருந்தாள். ஷியாமளா வேறு பாறைக்குப் போவதாகத்தான் ஏற்பாடு செய்திருந்தாள். அன்று பார்த்துக் காற்று திரும்பிவிட்டது.

"வெளிய அலை அடிக்குது மேடம்" என்றார் கௌஸ் முகைதீன். "இன்னைக்கு முதுகுப்பாறையை விட்டா வேற எடம் மாஃபி, கெடையவே கெடையாது."

ஆலையாக இருந்தால் ஷியாமளா வேலையையே நிறுத்தியிருப்பாள். ஆனால் தன்யா உடையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் பல். பட்டுவின் பொந்து பாறையின் கிழக்கே இருந்தது. நாம் மேற்கே இறங்கி மேற்கேயே ஏறிவிடுவோம், கையை நெஞ்சோடு கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒப்புக்கொண்டாள். அது பொந்தை விட்டு அவ்வளவு தூரம் வராது என்று நம்பினாள். அவள் செய்த தப்பு அதுதான்.

ஐந்து பேர் இறங்கினார்கள். அவர்கள் மூன்று பேர், துபாயிலிருந்து வந்த அக்ஷய் என்கிற கம்ப்யூட்டர்காரப் பையன், அவன் மனைவி. அக்ஷய் தலையில் கேமரா கட்டியிருந்தான்.

கீழே தண்ணீர் தெளிவாக இருந்தது. தன்யா நன்றாகத்தான் நீந்தினாள். கையைக் கட்டிக்கொண்டு, மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு, அம்மாவை அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஷியாமளாவுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து 'எல்லாம் சரியா?' என்று சைகையில் கேட்டாள்.

அதற்குள் பாறையைச் சுற்றிக்கொண்டு பட்டு வந்துவிட்டது. குமிழிச் சத்தம் கேட்டதோ மோப்பம் கிடைத்ததோ, வெறும் மணலைக் கடந்து தேடி வந்திருந்தது. முதலில் சீதாராமனிடம் போனது. அவர் கை இரண்டையும் விரித்துக் காட்டினார், ஒன்றுமில்லை என்று. அது அவர் பாக்கெட்டை முட்டியது, கையிடுக்கில் நுழைந்தது, மறுபடி முட்டியது. அவர் கையை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் தன்யா, அம்மாவின் சைகைக்குப் பதிலாக, வெறும் வலது கையைத் தூக்கி 'சரி' என்று காட்டினாள். மூன்று விரல்கள் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தன.

பட்டு அவற்றைப் பிடித்தது.

தன்யா வீறிட்டாள். வாய்க்குழாய் வழியே அந்த அலறல் குமிழியாகக் கொப்பளித்தது. கையை இழுத்தாள். இழுக்க இழுக்கப் பல் உள்ளே போனது. அந்த ஆழத்தில் ரத்தம் சிவப்பாகத் தெரியாது. விரலிலிருந்து பச்சையாகப் புகை கிளம்பியது.

ஷியாமளா பாய்ந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுக்கவில்லை. மீனின் பக்கமாகத் தள்ளினாள். இன்னொரு கையால் தன்யாவின் முழங்கையை மடக்கித் தன் விலாவோடு அணைத்து, அசைய முடியாமல் இறுக்கினாள். தன்யா இன்னொரு கையால் அவளைக் குத்தினாள், காலால் உதைத்தாள். கண்ணாடிக்குள்ளே அந்தக் கண்கள் அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை ஷியாமளா சாகும்வரை மறக்கப்போவதில்லை. பெற்ற தாய் தன்னைப் பிடித்து மீனுக்கு ஊட்டுகிறாள் என்றுதான் குழந்தை நினைத்தது.

ஷியாமளா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் கண் மீனின் வாயை விட்டு அகலவில்லை. தாடை அசைந்தது. பிடி தளர்ந்தது. வாய் திறக்க ஆரம்பித்தது.

அப்போது சீதாராமன் கத்தியை எடுத்தார்.

ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனுஷன், கணுக்காலில் சும்மா அழகுக்குக் கட்டியிருந்த கத்தியை உருவி, மீனின் கழுத்தில் குத்தினார். உருவிக் குத்தினார். மறுபடி குத்தினார். ஒரு குத்து ஷியாமளாவின் முன்கையைக் கீறிக்கொண்டு போனது. திறந்துகொண்டிருந்த வாய் வலியில் டக்கென்று மூடியது. பட்டு தன் வாலைத் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டு, ஒரே முறுக்காக உடம்பைச் சுழற்றியது. தன்யாவின் கை விடுபட்டது. கிழிந்த கழுத்தோடு பட்டு பாறைக்கடியில் போய் மறைந்தது, சுண்டுவிரலோடு. மோதிர விரல் தோலில் தொங்கியது.

ஷியாமளா சீதாராமனின் நெஞ்சில் உதைத்துத் தள்ளினாள். மகளின் மணிக்கட்டை நெரித்துப் பிடித்துக்கொண்டு மேலே கிளம்பினாள். பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும். விரலோடு போகாது, பெண்ணே போய்விடுவாள். அதனால் தன்யாவின் முகத்தோடு முகம் வைத்து, 'மூச்சு விடு, மூச்சு விடு' என்று கண்ணாலேயே அதட்டி, மெதுவாக ஏற்றிக்கொண்டு வந்தாள். தன்யா வழியெல்லாம் அவளை உதைத்துக்கொண்டே வந்தாள்.

படகில் கௌஸ் முகைதீன் துண்டைக் கொடுத்தார். "யா அல்லா, யா அல்லா" என்றுகொண்டே, எல்லோரும் ஏறியதும் நங்கூரக் கயிற்றை அறுத்துவிட்டு மோட்டாரைக் கிளப்பினார். பலகையெல்லாம் இப்போது ரத்தம் சிவப்பாக இருந்தது. தன்யா அப்பாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "அம்மாவைக் கிட்ட விடாதே அப்பா, ஷி புஷ்ட் மீ, கையைத் தள்ளினா அப்பா" என்று கத்தினாள். சீதாராமன் அவள் தலையைத் தடவினார். ஷியாமளாவின் பக்கம் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் மோதிர விரலைத் தைத்து ஒட்டினார்கள். மீன் வாயின் அழுக்கு ரத்தத்தில் ஏறிவிட்டால் அந்த விரலும் போகலாம், கையும் போகலாம் என்றார் டாக்டர். காய்ச்சல் வந்தது. கை மணிக்கட்டுக்கு மேலே வரை வீங்கிச் சிவந்தது. திறந்து கழுவினார்கள், மறுபடி திறந்து கழுவினார்கள். ஷியாமளா உள்ளே வந்தால் தன்யா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். கட்டு மாற்றும்போது அப்பா கையைத்தான் பிடித்துக்கொள்வாள்.

வராந்தாவில் ஒரு நாள் சீதாராமன், "நான் மட்டும் குத்தலைன்னா..." என்று ஆரம்பித்தார். ஷியாமளா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வாய் திறந்ததை இரண்டு பேரும் பார்த்தவர்கள். கத்திக் குத்தில்தான் விரல் போனது.

சொல்லியிருக்கலாம். ஆலையில் ஒரு நட்டு கழன்றாலும் யார் கழற்றியது என்று கண்டுபிடிக்காமல் விடாதவள், இதைச் சொல்லவில்லை. குழந்தைக்கு ஒரு விரல் போனது போதும், அப்பாவும் போக வேண்டாம் என்று நினைத்தாள். அந்த நினைப்பு நெஞ்சில் கொள்ளிக்கட்டையாக இருந்தது, இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை.

இதற்குள் அக்ஷய் எடுத்த படத்தில் ஒரு துண்டு ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்தது. கத்தியை உருவுவதிலிருந்து விரல் போவது வரை மட்டும். 'மகளை அரக்க மீனிடமிருந்து மீட்ட தந்தை' என்று தலைப்பு. கீழே ஆயிரம் பேர் கருத்து எழுதினார்கள். 'அந்தம்மா என்ன பண்ணுது பாருங்க, கையை உள்ள தள்ளுது, இதெல்லாம் ஒரு தாயா' என்று ஒருவன். அதற்கு எத்தனையோ பேர் விருப்பக்குறி போட்டிருந்தார்கள். ஆலைக் கேம்பில் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். பாண்டித்துரை மட்டும் எதிரில் வந்து, "நீங்க காரணமில்லாம கையைப் பிடிக்க மாட்டீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழிவாங்கவும் ஆள் கிளம்பியது. யாரும் கேட்காமலே ஈட்டித் துப்பாக்கியோடு நாலைந்து பேர் முதுகுப்பாறைக்குப் போயிருக்கிறார்கள். கௌஸ் முகைதீன் படம் அனுப்பினார். படகுத் துறையில் அஞ்சாலைகளை வரிசையாகக் கிடத்தி, தலையில் காலை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஷியாமளா காரை எடுத்தாள். போய்ச் சேர்ந்தபோது அவர்கள் இரண்டாவது தடவை போய்விட்டு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்று இன்னும் சாகவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. "பாரு, இன்னும் திமிர் அடங்கலை" என்று ஒருவன் இரும்புக் கம்பியால் அதன் தலையில் அடித்தான்.

"மூச்சு விடறதுடா அது!" என்று கத்திக்கொண்டு போய் அவனை அறைந்தாள். அவன் திருப்பித் தள்ளினான். அவள் கான்கிரீட்டில் விழுந்து எழுந்து, கம்பியைப் பிடுங்கி அவன் முழங்காலில் ஓங்கி ஒன்று வைத்தாள். மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கௌஸ் முகைதீன் நடுவில் புகுந்து, "கலாஸ், கலாஸ், போதும்! போலீஸ் வந்தா ஒங்களுக்குத்தான்டா கஷ்டம், ஈட்டியோட நிக்கிறீங்க" என்று விரட்டினார். அவள் மூக்கிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

"இதுல எதுவும் கடிக்கலை பாய்" என்றாள். "ஒண்ணுகூடக் கடிக்கலை."

"தெரியும் மேடம். சார் வளத்தது அன்னைக்கே போயிருச்சு. மறுநாள் எறங்கிப் பாத்தேன். பொந்துக்குள்ள செத்துக் கெடந்துச்சு, நண்டுங்க அதைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு" என்றார் அவர். பிறகு தயங்கி, "வீட்டுல புள்ளைக்கிட்ட உள்ளதைச் சொல்லிறலாம்ல மேடம்? வீடியோ எடுத்த அந்தத் தம்பிக்கிட்ட முழுப் படமும் இருக்கு, நான் பாத்தேன்" என்றார்.

"வேண்டாம்" என்றாள் ஷியாமளா.

காய்ச்சல் இறங்கியது. மோதிர விரல் பிழைத்தது, மடங்காது என்று மட்டும் சொன்னார்கள். தன்யா வீட்டுக்கு வந்தாள். வலது கை முழுக்கக் கட்டு. சாப்பாட்டு நேரத்தில் பிரச்சினை வந்தது. தன்யா கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்தே அவள் இடது கையைத் தட்டில் வைத்தால் சீதாராமன் மெல்லத் தட்டிவிடுவார். "அந்தக் கையால சாப்பிடப்படாது கண்ணா" என்பார். அவர் கோபிக்காமல் விதித்த ஒரே சட்டம் அது. இப்போது சோற்றுக்கை இல்லை. அதனால் அவரே பிசைந்து ஊட்டினார். மூன்று வேளையும். ரசஞ்சாதத்தை உருட்டி, உருளைக்கிழங்கை மேலே வைத்து, வாயருகே கொண்டுபோவார். தன்யா கதை பேசிக்கொண்டே வாங்கிக்கொள்வாள். ஷியாமளா அடுப்பங்கரையில் நின்று பார்ப்பாள். அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால் தன்யா அதைத் தொட மாட்டாள். அப்பா எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தன்யா காலையிலிருந்து தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதும் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. சீதாராமன் வழக்கம்போலத் தட்டில் பிசைந்து, உருட்டி, "ஆ காட்டு" என்று கையை நீட்டினார்.

"கையை எடுப்பா" என்றாள் தன்யா.

ஷியாமளாவின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"ஏன்டா கண்ணா, காரமா இருக்கா?"

"அக்ஷய் அங்கிள்கிட்ட முழு வீடியோ கேட்டு வாங்கினேன். அந்தத் துண்டு இல்ல, ஃபுல். ஸ்லோ பண்ணிப் பார்த்தேன். வாயைத் திறந்துடுத்து அப்பா. நீ குத்தறதுக்கு முன்னாடியே அது விட்டுண்டு இருந்தது. அம்மா அசையாம பிடிச்சிண்டிருந்தா, அது விட்டுண்டு இருந்தது. நீ குத்தினே, அது மூடித்து." கட்டுப் போட்ட கையை மேஜைமேல் வைத்தாள். "உனக்குத் தெரியுமா? அன்னிக்கே தெரியுமா?"

சீதாராமனின் கை அந்தரத்திலேயே நின்றது. உருட்டிய சோறு அவர் விரல்களில் அப்படியே இருந்தது.

இந்த ஒரு நிமிஷத்துக்காக ஷியாமளா வாரக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தவள். வந்துவிட்டது. ஆனால் அந்தரத்தில் நின்ற அந்தக் கையைப் பார்க்க அவளால் தாங்க முடியவில்லை. ஊரையெல்லாம் பார்த்துத் தான் கத்திய அந்த வார்த்தையை இந்த ஒரு கையைப் பார்த்து யாரும் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. "தன்யா, அப்பா பயந்துட்டார்டி" என்றாள். "உன் மேல இருக்கற பிரியத்துலதான்..."

"தெரியும்மா" என்றாள் தன்யா. பட்டுவின் பெயர் யாரும் சொல்லாமலே அங்கே இருந்தது. "அப்பா எல்லாத்தையும் பிரியத்துலதான் பண்றார்."

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இடது கையை வைத்து, பழக்கமில்லாமல், பாதி சிந்தி, ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள், தட்டிவிடுவாரா என்று. அவர் தட்டிவிடவில்லை. இன்னொரு கவளம் எடுத்தாள். பிறகு இடது கை முழுக்கச் சோறாக, அம்மாவைப் பார்த்து, "ரசம் போடும்மா" என்றாள்.

ஷியாமளா ரசம் போட்டாள். சீதாராமன் கையைக் கழுவிக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். விரலில் இருந்த சோறு காய்ந்துகொண்டிருந்தது.